நம்பரின் மேல் வைத்த பொட்டு

உத்திரமேரூர் லேடி டாக்டர் என் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, தன் முழங்கையை மடக்கிக் குறுக்காகப் பிடித்துக் காட்டினார். குழந்தை அப்படிப் படுத்திருக்கிறதாம். தலை கீழே இறங்கவில்லை, இனி தானாகத் திரும்பும் என்று நம்பி உட்கார்ந்திருக்கவும் முடியாது என்றார். அதற்கு மேல் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தே பேசினார். ஆஸ்பத்திரிகளில் அப்படித்தான். வயிறு நம்முடையது, பேச்சு அவர்களோடு.

"மாசம் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில சேத்துடுங்க. அதுக்கு முன்னால வலி எடுத்தா ஒரு நிமிஷம்கூட வீட்ல வெச்சிக்காதீங்க. போன தடவை ஆனது ஞாபகம் இருக்கில்ல?"

"வண்டி கீது டாக்டரம்மா," என்றார் என் வீட்டுக்காரர்.

போன தடவை ஆனதை எனக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் முதல் பிள்ளையும் அப்படித்தான் குறுக்கே கிடந்தது. சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி என்னைப் படுக்க வைத்துக் கிளம்பினார்கள். ஏரிக்கரை மேடு ஏறுவதற்கே மாடுகள் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டன. பாலாற்றுப் பாலம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிழைத்தது நான் மட்டும்.

அந்த மாதமே என் வீட்டுக்காரர் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக் கணக்குப்பிள்ளையிடம் போய்க் கார் சாவியைக் கேட்டு வாங்கி வந்தார். அவர் முன்பு அந்த வீட்டில் டிரைவராக இருந்தவர். வீட்டார் மெட்ராஸுக்குக் குடிபோனபோது, வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்றை வைக்கோல் கொட்டகையில் அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். கறுப்பு நிறம், பக்கத்தில் கால் வைத்து ஏறுகிற பலகை, என்ஜின் மேல், தூக்கினால் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி திறக்கிற மூடி. அதைப் பிரித்துப் பூட்டி ஓட வைக்க அவருக்கு எட்டு மாதம் ஆயிற்று. ஓடின முதல் நாள் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "இனிமே ஒன்ன மாட்டு வண்டியில ஏத்தமாட்டேன்மே," என்றார். அதற்கு அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்கு ஓட்டினார். ஆனால் அந்தக் கார் எதற்காக என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறு வாரம் வண்டி இருமத் தொடங்கியது. கார்புரேட்டரில் தூசி என்று அவரே கழற்றிச் சுத்தம் செய்தார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டுகிற சின்னச் சாமான் அது, ஒரு சொம்பு அளவுகூட இருக்காது. மற்ற நாளாக இருந்தால் பத்து நிமிஷ வேலை. அன்றைக்கு அவர் கையில் பயம் இருந்தது. இழுத்துக் கட்டாவிட்டால் வழியில் கழன்றுவிடுமோ என்று நட்டைப் போட்டு முடுக்கோ முடுக்கு என்று முடுக்கினார். 'டிக்' என்று ஒரு சத்தம். கார்புரேட்டரின் உடம்பில் மேலிருந்து கீழாக ஒரு கீறல் விழுந்துவிட்டது.

பெட்ரோல் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. துணி துவைக்கிற சவக்காரத்தைப் பிசைந்து கீறலில் அப்பினார். நின்றது. வண்டியை எடுத்து ஒரு சுற்று போய் வந்தார், என்ஜின் சூட்டில் சவக்காரம் உருகி மறுபடி ஒழுகியது. வேறு கார் ஏற்பாடு செய்யலாம் என்றால் உத்திரமேரூரில் இருந்த இரண்டு வாடகைக் காரும் முகூர்த்த நாட்களுக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. முன்கூட்டியே செங்கல்பட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்றால் அங்கே எங்களுக்கு ஒரு நாதியில்லை.

"மெட்ராஸ்ல பொறுக்கி எடுத்தா கெடைக்கும்," என்றார் அவர். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டைக் கடைகளைச் சொன்னார். ஒழுகுகிற கார்புரேட்டரைக் கழற்றி எடுத்துப் போக அவருக்கு மனம் வரவில்லை. அவர் இல்லாத நேரம் எனக்கு வலி எடுத்துவிட்டால்? பக்கத்துத் தெரு லாரி டிரைவர் லீவில் வந்திருந்தார். அவரிடம் சாவியைக் கொடுத்து, சவக்காரக் கட்டியையும் கொடுத்து, கார்புரேட்டரின் அடித்தட்டை மட்டும் காகிதத்தில் வரைந்து எடுத்துக்கொண்டு விடியற்காலைப் பஸ்ஸில் போனார்.

திரும்பி வந்தபோது காகிதத்தில் சுற்றின ஒரு கார்புரேட்டர் கையில் இருந்தது. முகத்தில் மட்டும் தெளிவில்லை.

"இன்னாய்யா, கெடச்சிடிச்சா?"

"கெடச்சிது. கடைக்காரு கார்புரேட்டர் மேல கீற நம்பரக் கேட்டாரு. தகடு எப்பவோ வியுந்து பூட்ச்சி, நம்பர் இல்லன்னேன். நம்பர் இல்லாம குத்துமதிப்பாதான் குடுக்க முடியும்னாரு. இதே மூஞ்சில நாலு தினுசு கீதாம்."

"குத்துமதிப்பா?" என்றேன். "என் வயித்துல கீறதுகூட குத்துமதிப்பாதான் கீது. ரெண்டும் சேந்து போவட்டும்."

அவர் காகிதத்தைப் பிரித்துக் கார்புரேட்டரைத் துடைக்க ஆரம்பித்தார். நான் கோபத்தில் பேசினால் அவர் வேலையில் இறங்கிவிடுவார், அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

மறுநாள் காலையில் அதைப் பொருத்தினார். துளைகள் சரியாக உட்கார்ந்தன. ஒரே முடுக்கில் என்ஜின் கிளம்பியது. தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. "ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வரேன்," என்று போனார். நான் வாசல் வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். நான்கு வருஷம் அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தியவள் நான். அது கோயில் வளைவில் திரும்புவது தெரியும், மதகைத் தாண்டுவது தெரியும். மேடு ஏறும்போது சத்தம் கனக்கும். அன்றைக்குக் கனத்தது, திக்கியது, இரண்டு முறை வெடித்தது, நின்றே போனது. ஏரிக்கரை மேல் கறுப்புப் புகை எழும்பியதை இங்கிருந்தே பார்த்தேன். மாட்டு வண்டி திணறின அதே மேடு.

நான்கு பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சமதரையில் ஓடுகிறது, மேட்டில் சக்தி கேட்டால் பெட்ரோலை வாரி இறைத்து அடைத்துக்கொள்கிறது, வேறு பெரிய வண்டியினுடையது போலிருக்கிறது என்றார் அவர். சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். லாரி டிரைவரும் லீவு முடிந்து போய்விட்டார். பிரசவத்துக்கென்று வந்திருந்த என் வீட்டுக்காரரின் அக்கா, சாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டு, "மனச வுட்றாத," என்று என்னைத் தேற்றினார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "ரெண்டையும் கொண்டாய்யா இங்க. நான் பாக்கறேன்," என்றேன்.

"நீ பாத்து இன்னா பண்ணப் போற?"

"சும்மா பாக்கறேன். பாத்தா கொறஞ்சா பூடும்?"

முறத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாங்கி வந்தது சாம்பல் நிறம், பெயிண்ட் இல்லாமல் இருந்தது. பழையது வெள்ளிப் பெயிண்ட் பூசி, அங்கங்கே உரிந்து கிடந்தது. உருவம் ஒன்றுதான். ஒரே ஒரு வித்தியாசம். வாங்கி வந்ததன் நெற்றியில், அரை நெல்லிக்காய் அளவுக்கு ஒரு முட்டை வடிவ மேடு, அதில் வார்த்தெடுத்த எழுத்துகளும் எண்களும் இருந்தன. பழையதிலும் அதே இடத்தில் அதே மேடு இருந்தது. ஆனால் எழுத்து இல்லை. மொழுமொழுவென்று சிவப்பாக இருந்தது.

அந்தச் சிவப்பை விரலால் தடவிப் பார்த்தேன். அது என் குங்குமம்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவர் வண்டியைக் கழுவி, மூடியைத் திறந்து வைத்து, கார்புரேட்டருக்கு மட்டும் தனியாக வெள்ளிப் பெயிண்ட் அடிப்பார். அதுதான் வண்டியின் நெஞ்சு என்பார். பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே என்னைக் கூப்பிடுவார். "காயறதுக்குள்ள வெச்சிடுமே, நல்லா ஒட்டிக்கும்." நான் சந்தனத்தைக் குழைத்து வைத்து அதன் மேல் குங்குமத்தை அழுத்துவேன். எங்கே வைப்பது? அந்த உருண்டைச் சாமானில் நெற்றி மாதிரி இருந்தது அந்த மேடு ஒன்றுதான். நான்கு வருஷமும் அங்கேதான் வைத்தேன். பொட்டு உதிராமல் இருப்பதில் எனக்குப் பெருமை வேறு. அந்தப் பொட்டின் மேலேயே அடுத்த வருஷம் பெயிண்ட், அதன் மேல் மறுபடி சந்தனம், மறுபடி குங்குமம். எனக்கு முன்னால் பெரிய வீட்டுப் பெண்களும் அதையேதான் செய்திருப்பார்கள். நம்பர் எங்கேயும் விழுந்துவிடவில்லை. வருஷா வருஷம் பக்தியோடு நாங்களே அதை மூடிக்கொண்டு வந்திருக்கிறோம்.

"கெரசின் எடுத்தா," என்றேன். "ஒரு ஊக்கும் எடுத்தா."

"எதுக்கு?"

"எடுத்தான்னா எடுத்தாயா!"

கிண்ணத்துக் கெரசினில் அதை ஊற வைத்தேன். மாங்கல்யச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கையே கழற்றிச் சுரண்டத் தொடங்கிவிட்டேன், அவர் தேடிக்கொண்டு வருகிற வரைக்கும் பொறுமையில்லை. மேலே சிவப்பு, அதற்குக் கீழே வெள்ளி, மறுபடி சிவப்பு. அடியில் கல்லாகிப் போன சந்தனம். அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "சாமி பொட்ட சொரண்டறியேமே," என்றார். எனக்கு மட்டும் பயமாக இல்லையா? மாசமாக இருக்கிற பெண் செய்யக்கூடாத காரியம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் சுரண்டினேன்.

முதலில் ஒரு எழுத்தின் கால் தெரிந்தது. எட்டாவது வரை படித்தவள், இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியும். மூன்று எழுத்து வந்தது. பிறகு ஒரு இரண்டு. அதற்கு அடுத்த எண்ணின் தலை தேய்ந்திருந்தது. ஆறா, எட்டா தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வாங்கி வந்ததில் இருபத்தெட்டு என்று இருந்தது. "இதுவும் எட்டுன்னா அது ஓடியிருக்கணுமே," என்றார். "எழுத்தும் வேற மாதிரி கீது. எட்டுலயே வேற தினுசோ இன்னாவோ." அந்த எண் கார்புரேட்டரின் தொண்டை அகலம் என்பது அவருக்குத் தெரியும். அளந்து பார்க்கக் கருவிதான் எங்கள் வீட்டில் இல்லை.

என் முந்தானையில் பத்து பைசா முடிந்திருந்தது. ஓரம் நெளிநெளியாக இருக்குமே, அந்த அலுமினியக் காசு. அதை எடுத்து வாங்கி வந்ததன் தொண்டையில் போட்டேன். இடிக்காமல் உள்ளே விழுந்து 'டங்' என்றது. பழையதில் போட்டேன். விளிம்பிலேயே பிடித்துக்கொண்டு நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஆறு," என்றார். நான் காசை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மறுபடி அவர் மெட்ராஸ் போவதற்கு நான் விடவில்லை. அவரும் என்னை விட்டுப் போகத் தயாராக இல்லை. எங்கள் பக்கம் அப்போதெல்லாம் மருந்து, பித்தளைப் பாத்திரம், மாப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரம் எல்லாம் கண்டக்டர் கையில் கொடுத்தால் போய்ச் சேர்ந்துவிடும். காலையில் எங்கள் ஊர் வழியாக மெட்ராஸ் போகும் பஸ் அங்கே இரண்டு மணி நேரம் நிற்கும். பிறகு கிளம்பி மூன்று மணிக்கு இங்கே வரும். மறுநாள் காலை கண்டக்டரிடம் தவறான கார்புரேட்டரையும், நம்பரும் புதுப்பேட்டைக் கடை விலாசமும் எழுதிய காகிதத்தையும், அந்தப் பத்து பைசாவையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தோம். "நம்பரப் பாத்துட்டு, காசயும் போட்டுப் பாக்கச் சொல்லுங்க. உள்ள வியக்கூடாது, நிக்கணும்," என்று அவர் மூன்று தரம் சொன்னார். கண்டக்டருக்கு எரிச்சலாகியிருக்கும். பழைய கார்புரேட்டரைப் புதுச் சவக்காரம் வைத்து வண்டியில் மாட்டிவிட்டு, அதன் பக்கத்திலேயே அவர் உட்கார்ந்துகொண்டார்.

பதினொரு மணிக்கு எனக்கு இடுப்பில் ஒரு பிடிப்பு வந்தது. சொல்லவில்லை. பன்னிரண்டுக்கு மறுபடி வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டதை அக்கா பார்த்துவிட்டார்.

"ஏய், இவளுக்கு வலி கண்டுட்ச்சிடா!"

டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. என் வீட்டுக்காரர், சவக்காரம் தாங்குமா என்று பார்க்க நின்ற இடத்திலேயே வண்டியைக் கிளப்பினார். சவக்காரம் கால் மணி நேரம் தாக்குப்பிடித்தது, பிறகு பெட்ரோல் சூடான இரும்பின் மேல் ஒழுகி ஆவி கிளம்பியது. உடனே அணைத்துவிட்டார். "நெருப்பு புடிச்சிதுன்னா எல்லாரும் பூடுவோம்," என்றார். ஊரிலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் போகும் அடுத்த பஸ் ஐந்தரைக்குத்தான். யாரோ மாட்டு வண்டி பூட்டட்டுமா என்று கேட்டார்கள். நான் போட்ட கத்தலில் கேட்டவர் தெருமுனைக்கே போய்விட்டார்.

மூன்று மணிப் பஸ் மூன்றே காலுக்கு வந்தது. அந்தப் பதினைந்து நிமிஷம் நான் வயிற்றோடு பேசிக்கொண்டிருந்தேன். இரு, இரு, இப்போது வேண்டாம், நம்பர் வந்துகொண்டிருக்கிறது என்று. கண்டக்டர் படியில் நின்றபடியே பையை நீட்டி, "நிக்குதுங்க! நானே போட்டுப் பாத்தேன்!" என்று கத்தினார். காசையும் மறக்காமல் திருப்பிக் கொடுத்திருந்தார்.

அவர் அதைப் பொருத்தியபோது நான் வண்டியின் கால் பலகையில்தான் உட்கார்ந்திருந்தேன். வலி வரும்போது கதவைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நட்டை அவர் மறுபடியும் போட்டு முடுக்க ஆரம்பித்தார்.

"மெதுவாய்யா," என்றேன். "போதும். வுட்டுடு."

"கழண்டுடும்மே."

"கழலாது. வுட்டுடு."

விட்டார். பின்சீட்டில் அக்கா மடியில் தலை வைத்துப் படுத்தேன். கூரைத் துணியைத் தவிர எதுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. கோயில் வளைவு. மதகு. பிறகு மேடு. சத்தம் கனத்தது. அக்கா என் கையை நசுக்கினார். இன்னும் கனத்தது. திக்கவில்லை. பிறகு லேசாகி, கரையின் மறுபக்கம் இறங்கியது. என் வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்துகொண்டு சத்தமாக அழுவது கேட்டது. "அழுவாம ரோட்டப் பாத்து ஓட்டுயா," என்றேன். பாலாற்றுப் பாலத்தில் ஏறினபோது சக்கரச் சத்தம் மாறியது. அது பாலம்தானா என்று அக்காவை இரண்டு தரம் கேட்டேன்.

ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கண் விழித்தபோது மறுநாள் காலை. பெண் குழந்தை என்றார் அக்கா. பக்கத்துத் தொட்டிலில் சிவப்பாகச் சுருண்டு கிடந்தது. அன்றைக்கு வார்டில் பதினாறு பிள்ளைகள், எல்லாமே ஒரே மூஞ்சி. என் பிள்ளையின் கணுக்காலில் வெள்ளை பிளாஸ்திரி சுற்றி, பேனாவில் ஒரு நம்பர் எழுதியிருந்தார்கள்.

அக்கா முந்தானையில் மறைத்து மைக் கிண்ணம் கொண்டுவந்திருந்தார். கண்ணேறு படாமலிருக்கப் பொட்டு வைக்க வேண்டுமாம். கட்டைவிரலில் மையை எடுத்தார். பிள்ளையின் காலைத் தூக்கினார். "தோலு பிஞ்சா கீது, எரியும். இந்த வெள்ளத் துணி மேல வெக்கறேன். நல்லா ஒட்டிக்கும்," என்று விரலை இறக்கினார்.

"நம்பர் மேல வெக்காதீங்க!"

தையல் பிரிந்துவிடும் போல வலித்தது. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார், பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா விரலை அந்தரத்தில் பிடித்தபடி விழித்தார். பிள்ளைக்கு வருகிற கண்ணேறு எனக்கே இருக்கட்டும் என்று அந்த மையை என் உள்ளங்காலில் துடைக்கச் சொன்னேன். பிறகு கையை நீட்டித் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு அந்த நம்பரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். என் பிள்ளைக்கு அன்றைக்கு இருந்த ஒரே பெயர் அதுதான்.